பழம்பொருள் குடோனில் ஆர்எஃப்ஐடி ஹேண்ட்ஹெல்டை ஸ்டாக் கணக்கோடு இணைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய இரண்டு கட்டு வீட்டைக் குடோனாக வைத்துப் பழம்பொருள் வியாபாரம் செய்கிறார்கள். தேக்குத் தூண், நிலை, கதவு, பித்தளை அண்டா, எனாமல் பாத்திரம், பீங்கான் பரணி, நிலைக்கண்ணாடி என்று ஆறாயிரம் உருப்படிக்கு மேல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓடும் யூஎச்எஃப் ஹேண்ட்ஹெல்ட், அதாவது பொருளில் கட்டிய சில்லு டேக்கை ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே படிக்கும் கையடக்க ஆர்எஃப்ஐடி ரீடர், இரண்டு வாங்கியாகிவிட்டது. கீபோர்டு மோடில் எக்செலுக்குள் படிக்க வைத்தால் ஒரே தூணுக்கு நாற்பது வரி விழுகிறது. பித்தளை ரேக் பக்கம் போனால் ஒன்றுமே விழுவதில்லை. உள்கட்டில் சிக்னல் கிடையாது. கணக்கு டாலி மென்பொருளில், சரக்கு விவரம் அப்பச்சியின் நோட்டில். இதையெல்லாம் எப்படி ஒன்றாக இணைப்பது?

கீபோர்டு மோடை முதலில் அணைத்துவிடுங்கள். பார்கோடு ஸ்கேனருக்கு அது பொருந்தும். ஒரு தடவை ட்ரிகரை அழுத்தினால் ஒரு எண், கர்சர் நிற்கிற கட்டத்தில் விழும், அவ்வளவுதான். ஆர்எஃப்ஐடி ரீடர், ட்ரிகரைப் பிடித்திருக்கும் வரை அலையை வீசிக்கொண்டே இருக்கும். அலை எட்டுகிற தூரத்தில் உள்ள டேக் எல்லாம் திரும்பத் திரும்பப் பதில் சொல்லும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் பதில் வருவது சாதாரணம். நீங்கள் நீட்டிய தூண் மட்டுமா, அதற்குப் பின்னால் சாத்தி வைத்த கதவு, ரேக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரணி, சமயத்தில் அடுத்த அறைச் சாமான்கூடப் பதில் சொல்லும்.

அதனால் இந்த வேலையில் நான் எப்போதும் வற்புறுத்துவது ஒன்று: ரீடர் படித்ததை ஸ்டாக் மாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த டேக், இந்த நேரத்தில், இந்த ரீடரின் கண்ணில் பட்டது. ரீடருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தூண் விற்றுப்போனதா, அறை மாறியதா, கணக்கெடுப்பில் சரிபார்த்ததா என்பதெல்லாம் ஆள் செய்கிற காரியம். அதை ஆள்தான் ஆப்பில் சொல்ல வேண்டும். படித்தது ஒரு டேபிளில் இருக்கட்டும், காரியம் வேறு டேபிளில் இருக்கட்டும். நடுவில் ஒரு சின்ன ஆப்பும் ஒரு சின்ன சர்வரும் நின்று இரண்டையும் சேர்க்கட்டும். டாலி கடைசியில்தான் வரும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வேலை நுணுக்கம்தான்.

மென்பொருளுக்கு முன்னால் ரீடரின் ரீஜன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். இந்தியாவில் இந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லாமல் விட்டிருக்கும் அலைவரிசை 2005 முதல் 865–867 மெகாஹெர்ட்ஸ். 2021 விதிகளில் அது 868 வரை நீண்டது. அமெரிக்காவில் 902–928. அந்த ரீஜனில் வந்த ரீடரை இங்கே ஓட்டினால் மொபைல் நிறுவனங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் கத்துகிறது என்று அர்த்தம். அது சட்டப்படி தவறு. வெளிநாட்டுச் சந்தைக்கான இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தள்ளிவிட்டிருந்தால் இந்திய ரீஜன் அதில் இருக்கிறதா, இங்கே விற்பதற்கான டபிள்யூபிசி (மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவு) ஒப்புதல் வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். டேக்கைப் பற்றி இந்தக் கவலை குறைவு. பெரும்பாலான லேபிள்கள் 860 முதல் 960 வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்படிதான் செய்யப்படுகின்றன.

இனி பித்தளை ரேக். ரீடரில் கோளாறு இல்லை. உங்கள் டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எடுத்துக்கொள்கிறது. சாதாரணக் காகித லேபிளை நேரே உலோகத்தின் மேல் ஒட்டினால் அதன் ஆண்டெனா செயலிழந்து, சில்லுக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராது. கையில் எடுத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு அண்டாவின் வயிற்றில் லேபிளை ஒட்டிப் படியுங்கள், விழாது. அதே லேபிளை உரித்து, நூலில் கட்டி, காதுவளையத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டுப் படியுங்கள், விழும். நூல் முறுக்கிக்கொண்டு லேபிள் திரும்பவும் பித்தளையில் அப்பிக்கொண்டால் மறுபடி காணாமல் போகும். இதனால்தான் சில நாள் படிக்கிறது, சில நாள் படிக்கவில்லை என்று குழம்புகிறீர்கள்.

உலோகத்துக்கென்றே ஆன்-மெட்டல் டேக் தனியாக விற்கிறது. அடியில் ஒரு கனமான இடைவெளிப் பொருள் வைத்து, உலோகத்தையே ஆண்டெனாவுக்குத் துணையாக்கிக்கொள்ளும். விலை சாதாரண லேபிளைப் போலப் பல மடங்கு. ஆகையால் எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டாம். பெரிய அண்டா, கொப்பரை, பித்தளைக் குத்துவிளக்கு, இரும்புப் பெட்டி போன்ற விலை உள்ள உருப்படிக்குப் போடுங்கள். சின்னச் சாமானுக்கு, கனமான அட்டையில் லேபிளை ஒட்டி, அட்டை உலோகத்தில் படியாதபடி விறைப்பாக நிற்கும் தொங்கு டேக் போதும்.

எனாமலில் பலரும் ஏமாறுவார்கள். பார்க்கப் பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். உள்ளே இரும்புத் தகடு, மேலே கண்ணாடிப் பூச்சு. ரீடருக்கு அது இரும்புதான். அடுக்கு கேரியரை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்து, டேக்கை உள்பாத்திரத்தின் உட்பக்கம் ஒட்டினால் எந்த ரீடராலும் படிக்க முடியாது. வெளிவிளிம்பில், அடுக்கின் மேலே தெரியும் இடத்தில்தான் கட்ட வேண்டும். நிலைக்கண்ணாடியும் அப்படியே. ரசம் பூசிய பின்பக்கம் முழுக்க உலோகப் படலம். டேக்கைக் கண்ணாடியின் முதுகில் ஒட்டாமல் மரச் சட்டத்தில், சட்டத்துக்கு வெளியோரமாக வையுங்கள். தேக்கு பிரச்சினை செய்யாது. காய்ந்த மரத்துக்குள் அலை நன்றாகப் போகும். ஆனால் ஈரம் அலையை விழுங்கும். முற்றத்தில் மழையில் நனைந்த கட்டைகள் அன்றைக்குப் படிக்காது, இரண்டு மூன்று நாள் வெயில் பட்டதும் படிக்கும். கருங்கல் தூணுக்கும் நனைந்த நாளில் அதே கதைதான். காலிப் பரணிக்கு லேபிளே போதும்.

ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழம்பொருளின் முகத்தில் பசை படக் கூடாது. அச்சுப் படத்தின் காகிதத்தில் எங்கேயும் ஒட்டாதீர்கள், சட்டத்தின் பின்பலகையில் ஒட்டுங்கள். தூணில் ஆணி அடிக்காதீர்கள். தூணின் அடியிலோ தலையிலோ பொருத்துவதற்காகச் செதுக்கிய முளை இருக்கும், அதைச் சுற்றிப் பருத்தி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எண்ணெய் ஏறின பழைய மரத்தில் ஸ்டிக்கர் எப்படியும் நிற்காது, ஒரு கோடைக்குள் உதிர்ந்துவிடும்.

எண் கொடுப்பதற்கு வருவோம். ஒவ்வொரு டேக்கிலும் இரண்டு எண் உண்டு. இபிசி என்பது நாம் எழுதக்கூடியது; வழக்கமாக 96 பிட், அதாவது 24 ஹெக்ஸ் எழுத்து. டிஐடி என்பது சில்லு செய்த இடத்திலேயே பதித்து வருவது, நம்மால் மாற்ற முடியாது. மலிவு ரோல்களில் எல்லா டேக்கும் ஒரே இபிசியோடு வருவதுண்டு. எனவே வாங்கினபடி பயன்படுத்தாமல் உங்கள் இபிசியை நீங்களே எழுதுங்கள். முதல் சில எழுத்து உங்கள் கடைக்கு என்று நிலையாக இருக்கட்டும், மிச்சம் வரிசை எண். தொடக்கம் 30 என்று வேண்டாம். அது பார்கோடு எண்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் முறையில் சில்லறைப் பொருளுக்கு ஒதுக்கிய தலைப்பு. இந்த நிலையான தொடக்கம் பின்னால் பெரிய உபகாரம் செய்யும். வாசலில் நிற்கிற லாரியின் ஃபாஸ்டேக்கும் இதே வகை யூஎச்எஃப் டேக்தான். சில பிராண்டுகளின் புதுச் சட்டையிலும் டேக் இருக்கிறது. உங்கள் தொடக்கம் இல்லாத எதையும் ஆப் அந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

இதைவிட முக்கியம், டேக் எண்ணையே பொருளின் எண்ணாக வைத்துவிடாதீர்கள். பொருளுக்குத் தனி எண், டேக்குக்குத் தனி எண், இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு டேபிள்: எந்தப் பொருள், எந்த இபிசி, எந்த டிஐடி, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை. டேக் அறுந்து விழும், எலி கடிக்கும், லாரியில் கயிறு உரசிப் போகும். புது டேக் கட்டும்போது பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டுப் புது வரி சேர்த்தால் போதும். பொருளின் வரலாறு அறுந்துபோகாது. டேக் எண்ணே பொருள் எண்ணாக இருந்தால், ஒவ்வொரு டேக் மாற்றத்துக்கும் அந்தத் தூணை விற்றுத் திரும்ப வாங்கினதுபோல் கணக்கு காட்ட வேண்டிவரும்.

பொருள் டேபிளில் அப்பச்சி நோட்டில் உள்ள அத்தனையும் வரட்டும். வகை, அளவு, யாரிடம், எந்த ஊர் வீட்டில், என்ன விலைக்கு வாங்கியது, இரண்டு பக்கத்துப் படம். பாத்திரமாக இருந்தால் அதில் வெட்டியிருக்கும் விலாசத்தையும் அப்படியே எழுத்துக்கு எழுத்து ஏற்றுங்கள். டேக் போய்விட்டாலும் பித்தளையில் வெட்டின எழுத்து போகாது. இன்ன அண்டாதான் இது என்று திரும்பக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வாங்கிய விலையை ஒவ்வொரு உருப்படிக்கும் தனியாக வைப்பதற்கு இன்னொரு காரணம் ஜிஎஸ்டி. பழைய பொருளை வாங்கி விற்பவர் உள்ளீட்டு வரி எடுக்காதபோது, விதி 32(5)-ன்படி வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் மேல் வரி கட்ட வழி இருக்கிறது. அதற்கு இந்தத் தூண் என்ன விலைக்கு வந்தது என்று காட்டத் தெரிய வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. இபிசி வரிசையை எக்செலில் திறந்து சேமித்தால் எண் கெட்டுப்போகும். 24 இடமும் வெறும் இலக்கமாக இருந்தால் எக்செல் முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நடுவில் ஒரே ஒரு ஈ எழுத்து வந்து மற்றதெல்லாம் இலக்கமாக இருந்தால், பத்தின் அடுக்கு என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் உள்ள பூஜ்யங்களையும் தின்றுவிடும். அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று முதலிலேயே மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். டேட்டாபேஸிலும் இபிசி எழுத்தாகவே இருக்கட்டும், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரே வடிவில்.

ஆப்புக்கு வருவோம். ஹேண்ட்ஹெல்ட் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்ட்ராய்டுக்கு ஒரு எஸ்டிகே, அதாவது ஆப் எழுதுவோருக்கான கருவித் தொகுப்பு, தரும். ஜீப்ராவுக்குத் தனி, செயின்வேக்குத் தனி. ஒன்றுக்கு எழுதினது இன்னொன்றில் ஓடாது. அதனால் ரீடரைத் தொடங்கு, நிறுத்து, சக்தியை மாற்று, டேக் வந்தது என்ற நாலைந்து வேலையை மட்டும் ஒரு தனிப் பகுதியாக எழுதி, மீதி ஆப் அதோடு மட்டும் பேசும்படி வையுங்கள். நாளைக்கு வேறு நிறுவன ரீடர் வாங்கினால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். எல்எல்ஆர்பி என்று ஒரு பொது நெறிமுறை இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது வாசலில் நிலையாக மாட்டும் ரீடர்களுக்கு. கையடக்க ரீடர்கள் பெரும்பாலும் அதைப் பேசாது. சொந்தமாக எழுத ஆள் இல்லை என்றால், ஜீப்ராவின் டேட்டாவெட்ஜ் மாதிரி, படித்ததை இன்டென்ட்டாக (ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தி) ஆப்புக்குத் தள்ளும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டு மோடைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே தூணுக்கு நாற்பது வரி விழுந்ததற்கு மருந்து ஆப்பில் இரண்டு வரி: இந்தக் கணக்கெடுப்பில் இந்த இபிசி ஏற்கெனவே வந்ததா, வந்திருந்தால் எண்ணிக்கையையும் சிக்னல் பலத்தையும் புதுப்பி, இல்லையென்றால் புதிதாகச் சேர். அதோடு ரீடரிலேயே செஷன் என்ற ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் வேகம் நன்றாகக் கூடும். டேக் ஒரு தடவை பதில் சொன்னதும் தன்னிடமுள்ள ஒரு கொடியைத் திருப்பிவைத்துக்கொள்ளும். எஸ்0-ல் அலை நின்றவுடன் கொடி பழைய நிலைக்கு வந்துவிடும், டேக் மறுபடி பேசும். எஸ்1-ல் அரை நொடியிலிருந்து ஐந்து நொடிக்குள் திரும்பும். எஸ்2, எஸ்3-ல் அலை பட்டுக்கொண்டிருக்கும் வரை திரும்பாது, அலை நின்ற பிறகும் குறைந்தது 2 நொடி தாங்கும். அறை முழுக்க எண்ணும்போது எஸ்2 வையுங்கள். பேசி முடித்த டேக் சும்மா இருக்க, மூலையில் பலவீனமாக இருக்கும் டேக்குக்கு வாய்ப்புக் கிடைக்கும். ஒரே ஒரு பொருளைத் தேடும்போது எஸ்0. உங்களிடம் இரண்டு ரீடர் இருக்கிறதே, இரண்டு பேரும் ஒரே கட்டில் ஒரே நேரத்தில் எண்ணினால் ஒருவர் ரீடருக்கு எஸ்2, மற்றவருக்கு எஸ்3 கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே செஷன் கொடுத்தால் ஒருவர் ஊமையாக்கிய டேக் மற்றவருக்கும் பதில் சொல்லாது.

சக்தியும் வேலைக்கு ஏற்றபடி மாற வேண்டும். பெரும்பாலான ஹேண்ட்ஹெல்டில் உச்சம் 30 டிபிஎம், அதாவது ஒரு வாட். மூன்று டிபி குறைத்தால் சக்தி பாதி. அறையை எண்ணும்போது உச்சத்தில் வையுங்கள். புதுப் பொருளுக்கு டேக் எழுதும்போதும் லாரியில் ஏற்றும்போதும் பத்துப் பதினைந்துக்கு இறக்கிவிடுங்கள். அலை டார்ச் வெளிச்சம் மாதிரி, முழுசாகத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் விழும். எழுதும்போது எதிரில் ஒரே ஒரு டேக் இருக்கிறது என்று ஆப் உறுதி செய்த பிறகே எழுதட்டும். இரண்டு டேக் தெரிந்தால் எழுத மறுக்கட்டும். இதில் விட்டுக்கொடுத்தால் ஒரு கதவின் எண் பக்கத்து ஜன்னலில் ஏறும், அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும்.

எந்த அறையில் நிற்கிறோம் என்று ரீடருக்குத் தெரியாது. அதற்கு ஆர்எஃப்ஐடி டேக்கை வாசலில் ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. முகப்பில் நின்றால் உள்ளே இருக்கும் வளவின் வாசல் டேக்கும் படிக்கும். ஒவ்வொரு அறை நிலையிலும் ஒரு கியூஆர் அட்டையைத் தொங்கவிடுங்கள். உங்கள் ஹேண்ட்ஹெல்டில் கேமராவோ பார்கோடு கண்ணோ இருக்கும், எண்ணத் தொடங்கும் முன் ஆள் அதைப் படிக்கட்டும். நான் இப்போது பெட்டகசாலையில் இருக்கிறேன் என்று அவர் வேண்டுமென்றே சொல்கிற மாதிரி ஆகும். சந்தேகமே இருக்காது.

கணக்கெடுப்பு முடிந்ததும் ஆப் மூன்று பட்டியல் காட்ட வேண்டும். இங்கே இருக்க வேண்டும், இருக்கிறது. இங்கே இருக்க வேண்டும், படிக்கவில்லை. வேறு அறையில் இருக்க வேண்டியது, இங்கே படித்தது. மூன்றாவது பட்டியலைப் பார்த்ததும் இடம் மாற்றிவிடாதீர்கள். அடுத்த அறையிலிருந்து சுவரோ கதவோ தாண்டி வந்த எதிரொலியாக இருக்கலாம். சிக்னல் பலம் மிகக் குறைவாக, ஒன்றிரண்டு தடவை மட்டும் விழுந்திருந்தால் அநேகமாக அதுதான். இரண்டாவது பட்டியலில் உள்ளதையும் காணோம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு இபிசியை மட்டும் தேடும் வசதி பெரும்பாலான எஸ்டிகேயில் உண்டு, பக்கத்தில் போகப் போக பீப் சத்தம் வேகமாகும். அதை வைத்துக்கொண்டு ஆள் ஒரு தடவை போய்வரட்டும். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் கண்ணால் பார்த்து, பொருள் இருந்தால் டேக் பழுது என்றும், பொருளே இல்லை என்றால் இல்லை என்றும் ஆள் பதிய வேண்டும். இந்தக் கடைசி முடிவை ரீடருக்கு விட்டுக்கொடுத்த இடங்களில்தான் கணக்கு நாறிப்போய், ஆர்எஃப்ஐடியே உதவாது என்று எடுத்து வீசுகிறார்கள்.

உள்கட்டில் நெட் இல்லாதது பெரிய விஷயம் இல்லை. செட்டிநாட்டு வீட்டின் கனமான சுவருக்குள் வைஃபை கொண்டுபோக ஒவ்வொரு கட்டுக்கும் பெட்டி மாட்டுவதைவிட, நெட் இல்லாமலே வேலை செய்யும் ஆப் எழுதுவது சுலபம், நிலையானது. பொருள் பட்டியல் முழுவதும் ஹேண்ட்ஹெல்டுக்குள் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் இருக்கட்டும். ஆறாயிரம் வரி அதற்கு ஒரு பாரமே இல்லை. ஆள் செய்யும் ஒவ்வொரு காரியமும் ஒரு சிட்டையாக உள்ளேயே சேரட்டும். முகப்பில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், யூபிஎஸ்ஸோடு, ஒரு வைஃபை ரௌட்டர், அதில் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு டேட்டாபேஸ். ஆள் முகப்புக்கு வந்ததும் சிட்டைகள் தானாகப் போய்ச் சேரும்.

இங்கே ஒரு இடம் கவனம். சிட்டை சர்வருக்குப் போய்விட்டது, பதில் வரும் முன் வைஃபை அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஹேண்ட்ஹெல்ட் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். சர்வர் இரண்டாவது தடவையும் ஏற்றுக்கொண்டால் ஒரே தூண் இரண்டு தடவை விற்றுப்போகும். இதைத் தடுக்க, சிட்டை பிறக்கும்போதே ஹேண்ட்ஹெல்டுக்குள்ளேயே அதற்கு ஒரு தனித்த எண் கொடுங்கள். யூயூஐடி என்று சொல்வார்கள், நெட் இல்லாமலே உருவாக்கலாம். டேட்டாபேஸில் அந்த எண் இரண்டு முறை வரக் கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் சர்வர் தவறு என்று சொல்லாமல், ஏற்கெனவே வாங்கிவிட்டேன், சரி என்று பதில் சொல்லட்டும். ஹேண்ட்ஹெல்டின் கடிகாரத்தையும் ஒவ்வொரு இணைப்பின்போதும் சர்வர் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் கடைசியாகப் பார்த்தது என்ற கேள்விக்கு நேரம்தான் பதில் சொல்லும். கடிகாரம் பிசகினால் பழைய இடம் புது இடத்தை அழித்துவிடும்.

டாலி. டாலிபிரைமில் எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி போனால் அதை சர்வராக இயக்கலாம். போர்ட், அதாவது இணைப்பு வாசல் எண், வழக்கமாக 9000. அந்தப் போர்ட்டுக்கு எக்ஸ்எம்எல் வடிவில் விவரம் அனுப்பினால் வவுச்சர் (கணக்குப் பதிவு) ஏறும். கம்பெனி திறந்திருக்க வேண்டும். இந்தப் போர்ட்டை வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள், இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள். ஹேண்ட்ஹெல்ட் நேராக டாலியோடு பேசக் கூடாது. உங்கள் சர்வர் மட்டும் பேசட்டும். டாலியில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு வசதி உங்களுக்கு அச்சாகப் பொருந்தும். குடோன் என்ற மாஸ்டரின் கீழ் வீட்டை ஒரு குடோனாகவும், முகப்பு, வளவு, பெட்டகசாலை, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றையும் அதன் உட்குடோனாகவும் போடுங்கள். அறை மாற்றம் ஸ்டாக் ஜர்னல் என்ற வவுச்சராக விழும். ஒவ்வொரு தூணையும் தனி ஸ்டாக் ஐட்டமாகத் திறந்தால் டாலி வீங்கிப்போகும். தேக்குத் தூண் ஏழடி என்று ஒரு ஐட்டம், அதில் பேட்ச் வைத்துக்கொள்ளும் வசதியை இயக்கி, பேட்ச் எண்ணாக உங்கள் பொருள் எண். வாங்கின விலை தனித்தனியாக நிற்கும், மேலே சொன்ன வரிக் கணக்குக்கும் உதவும்.

அனுப்பிய பிறகு டாலி தரும் பதிலை முழுசாகப் படியுங்கள். இணைப்பு நன்றாக இருந்தது என்பதற்காக வவுச்சர் ஏறிவிட்டது என்று எண்ண வேண்டாம். பதிலுக்குள் எத்தனை உருவானது, எத்தனை மாறியது, எத்தனை பிழை என்று இருக்கும். லைன்எரர் என்ற வரியில் காரணம் இருக்கும். ஐட்டம் பெயரில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலே திருப்பிவிடும். பிழையான சிட்டையைத் தனி வரிசையில் வைத்து, காலையில் ஒருவர் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பும்படி ஒரு திரை போடுங்கள். விற்பனையை மட்டும் எதிர்த்திசையில் கொண்டுவருவது நல்லது என்பது என் கருத்து. பில் டாலியில் போடட்டும், பேட்ச் எண்கள் அங்கிருந்து ஆப்புக்கு ஏற்றுமதிப் பட்டியலாக வரட்டும். லாரியில் ஏற்றும்போது ஆள் குறைந்த சக்தியில் ஒவ்வொன்றாகப் படிக்க, திரையில் படம் வர, பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். பில்லில் இல்லாத பொருள் ரீடரில் விழுந்தால் ஆப் உரக்கக் கத்தட்டும்.

இரண்டு விஷயம் விட்டுப்போகக் கூடாது. டேக்கின் அக்சஸ் பாஸ்வேர்டு ஆரம்பத்தில் எட்டுப் பூஜ்யம். அப்படியே விட்டால் ரீடர் வைத்திருக்கும் யாரும் உங்கள் எண்ணை அழித்து வேறு எழுதலாம். எழுதி முடித்ததும் பாஸ்வேர்டு மாற்றி இபிசிப் பகுதியைப் பூட்டுங்கள். அந்தப் பாஸ்வேர்டைப் பத்திரமாக வையுங்கள், இல்லையென்றால் உங்களாலும் திருத்த முடியாது. மற்றது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு வருடத்துக்குக் குறையாத பழமையுள்ள சிற்பம், கலைப்பொருள், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை. பொருள் டேபிளில் வயதுக்கு ஒரு கட்டமும், வாங்கிய ரசீது, தொல்லியல் துறைச் சான்று இவற்றின் படத்துக்கு ஒரு கட்டமும் இப்போதே வைத்துவிடுங்கள். வெளிநாட்டு பில் என்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றின் படம் இல்லாத பொருளை ஆப் லாரியில் ஏற்ற விடக் கூடாது.

ஆரம்பிக்கும்போது ஆறாயிரத்துக்கும் டேக் வாங்கிக் குவிக்காதீர்கள். நாலு வகை டேக்கில் கொஞ்சம் கொஞ்சம் மாதிரி வாங்குங்கள். மரம் மட்டும் உள்ள அறையில் தொடங்குங்கள், அங்கே வெற்றி சீக்கிரம் தெரியும், ஆட்களுக்கும் கை பழகும். அப்பச்சியையும் கூட உட்கார வையுங்கள். நோட்டில் எழுதாமல் மனதில் வைத்திருக்கிற விவரம் படம் எடுக்கும்போதுதான் வெளியே வரும். அந்த அறையை டேக் இல்லாமல் கையால் ஒரு தடவை எண்ணி, ரீடரால் ஒரு தடவை எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகு அடுத்த அறை. பித்தளையும் எனாமலும் கடைசி. அதற்குள் எந்த டேக் எதில் நிற்கிறது என்று உங்கள் கைக்கே தெரிந்திருக்கும், ஆன்-மெட்டல் டேக் எத்தனை வாங்குவது என்ற கணக்கும் அப்போது போடலாம்.